எர்னியின் ராக்கெட்டும் பன்னிரண்டு பட்டனும்: அட்டாரியில் செசமி ஸ்ட்ரீட், ஒரு நிகழ்வு ஆய்வு

தொலைக்காட்சியோடு இணைத்து விளையாடும் அட்டாரி 2600 கன்சோல் இருந்த வீட்டில் கறுப்பு ஜாய்ஸ்டிக் இருக்கும். நடுவில் ஒரு தண்டு, மூலையில் ஒரு சிவப்பு பட்டன். தண்டு நல்ல விறைப்பு. பெரியவர்களே இடது கையால் அடிப்பாகத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வலது கையால்தான் சாய்ப்பார்கள். இதை நான்கு வயதுக் குழந்தையிடம் கொடுத்தால் தண்டோடு சேர்த்துப் பெட்டியும் சாயும், குழந்தையும் சாயும். செசமி ஸ்ட்ரீட் என்ற குழந்தைகள் தொலைக்காட்சித் தொடரை வைத்து 1983-இல் அட்டாரி கல்வி விளையாட்டுகளை வெளியிட்டபோது முதலில் தீர்க்க வேண்டியிருந்த சிக்கல் இது. எழுத்தும் எண்ணும் அதற்குப் பிறகுதான்.

அந்த விளையாட்டுகளில் எது சரியாக வந்தது, எது இயந்திரத்தின் எல்லையில் முட்டி நின்றது, இன்று ஒருவர் அவற்றை எடுத்து ஓட்டப் பார்த்தால் எங்கே தடுக்கும் என்பதே இந்த ஆய்வு. பழைய கார்ட்ரிட்ஜ் (விளையாட்டு பதிந்த, கன்சோலில் செருகும் பெட்டி) சேர்ப்பவர்களுக்கும், 2600-க்குப் புதிதாக விளையாட்டு எழுதுகிறவர்களுக்கும், குழந்தைகளுக்கான மென்பொருள் செய்கிறவர்களுக்கும் பயன்படும்.

தொடரிலிருந்து வந்த பழக்கம்

செசமி ஸ்ட்ரீட் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1969 நவம்பர் 10 அன்று தொடங்கியது. தயாரித்தது சில்ட்ரன்ஸ் டெலிவிஷன் வொர்க்‌ஷாப். ஜோன் கான்ஸ் கூனியும் லாயிட் மோரிசெட்டும் சேர்ந்து தொடங்கிய அமைப்பு. ஒரு காட்சியை எடுத்து, குழந்தைகள் முன் போட்டுப் பார்த்து, தேறாவிட்டால் திருத்தி எடுப்பது அங்கே அன்றாட வேலை. ஆய்வுப் பிரிவை நடத்திய எட்வர்ட் பாமரின் சோதனை எளிமையானது. தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்லைடு புரொஜெக்டர் ஓடும், 7.5 விநாடிக்கு ஒருமுறை படம் மாறும். குழந்தை எப்போது தொலைக்காட்சியை விட்டு ஸ்லைடு பக்கம் திரும்புகிறது என்று குறித்துக்கொண்டே போவார்கள். எந்த நொடியில் சலிப்பு வந்தது என்பது தாளில் விழுந்துவிடும்.

ஒளிபரப்புக்கு முன் 1969 கோடையில் சோதனை நிகழ்ச்சிகளைப் போட்டுப் பார்த்தபோது, பொம்மைகள் வரும் பகுதியில் கண்ணெடுக்காத குழந்தைகள் தெருக் காட்சி வந்ததும் விலகினார்கள். தெருவில் மனிதர்கள் மட்டுமே இருந்தார்கள். கற்பனையையும் நிஜத்தையும் கலந்தால் குழந்தை குழம்பும் என்று உளவியலாளர்கள் சொல்லியிருந்ததால் அப்படி. சோதனை முடிவைப் பார்த்ததும் அந்த அறிவுரையை ஒதுக்கிவைத்துவிட்டு, தெருவில் மனிதர்களோடு உலவும் பொம்மைகளை ஜிம் ஹென்சன் குழுவிடம் கேட்டார்கள். பிக் பேர்டும் ஆஸ்கரும் பிறந்தது அப்படித்தான். பிற்பாடு அட்டாரி கார்ட்ரிட்ஜ் அட்டையில் ஏறிய இந்த இரண்டு முகங்களுமே சோதனை அறையின் வார்ப்புகள்.

1980-இல் பென்சில்வேனியாவின் லாங்ஹார்னில் திறந்த செசமி பிளேஸ் பூங்காவில் ஆப்பிள் 2 கணினிகளை வரிசையாக வைத்து ஒரு கணினிக் கூடம் நடத்தினார்கள். வீட்டுக்குள் நுழைய அட்டாரி வழி திறந்தது. 2600-இன் முதல் பெயரே வீடியோ கம்ப்யூட்டர் சிஸ்டம்தான். அன்று பல அமெரிக்க வீடுகளில் இருந்த ஒரே கணினியும் அதுதான்.

நான்கு கார்ட்ரிட்ஜ், நான்கு வேலை

பிக் பேர்ட்ஸ் எக் கேட்ச்: திரையின் மேலே கோழிகள் முட்டையிடும். முட்டை சரிவுக் குழாய் வழியாக உருண்டு வரும். தலையில் கூடை வைத்த பிக் பேர்டை இடமும் வலமும் நகர்த்திப் பிடிக்க வேண்டும். குழந்தைக்கு இரண்டே திசை போதும். கண் மேலே பார்க்க, கை கீழே நகர்கிறது. எங்கே வந்து விழும் என்று முன்கூட்டி ஊகிப்பதுதான் பயிற்சி.

குக்கி மான்ஸ்டர் மன்ச்: புதிர்ப்பாதைக்குள் சிதறிய பிஸ்கட்டுகளைப் பொறுக்கி ஜாடியில் போட வேண்டும். இங்கே நான்கு திசை. தொடரில் பிஸ்கட்டைக் கண்ட மறுகணம் வாயில் அடைத்துக்கொள்கிறவர், இங்கே எடுத்ததைத் தின்னாமல் ஜாடிவரை சுமக்கிறார். பாத்திரத்தின் குணத்தையே ஆட்டத்தின் இழுபறியாக்கியிருக்கிறார்கள்.

ஆல்ஃபா பீம் வித் எர்னி: தொடரின் பொம்மைப் பாத்திரமான எர்னி விண்வெளியில் மிதக்கிறார். ராக்கெட் கிளம்ப எரிபொருள் வேண்டும். எரிபொருள் கலன் ஒவ்வொன்றிலும் ஓர் ஆங்கில எழுத்து. அதே எழுத்து உள்ள இடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தால் கலன் ஏறும். எல்லாம் சேர்ந்தால் ராக்கெட் பறக்கும்.

நான்காவது, ஆஸ்கர்ஸ் டிராஷ் ரேஸ், எண்ணுவதை மையமாக வைத்த குப்பைப் பந்தயம். நான்கில் எனக்குக் குறைவாகப் பிடித்தது இதுதான். மற்ற மூன்றிலும் வேலையும் பாத்திரமும் ஒன்றோடொன்று பிணைந்திருக்கின்றன; இதில் ஆஸ்கரை எடுத்துவிட்டு வேறு யாரை வைத்தாலும் ஓடும்.

பட்டன் பலகை

ஜாய்ஸ்டிக்கை விட்டுவிட்டு அட்டாரி இந்த வரிசைக்கு ஒரு பட்டன் பலகை கொடுத்தது. கிட்ஸ் கண்ட்ரோலர், சிஎக்ஸ்-23. நான்கு வரிசை, வரிசைக்கு மூன்று என 12 பட்டன். அமைப்பு தொலைபேசியில் இருப்பது போலத்தான். ஆனால் பட்டன்கள் குழந்தையின் உள்ளங்கை விழுந்தாலும் சரியானது அமுங்கும் அளவுக்குப் பெரியவை. ஒவ்வொரு விளையாட்டுக்கும் பலகையின் மேல் வைக்க ஒரு படத்தாள் உண்டு. இந்த ஆட்டத்துக்கு எந்தப் பட்டன் எதற்கு என்பதை அது காட்டும். மீதிப் பட்டன்கள் குழந்தையின் கவனத்துக்கே வராது.

மின்சார அளவில் இது புதிய கருவியல்ல. 1978-இல் வந்த சிஎக்ஸ்-50 விசைப்பலகையும், ஸ்டார் ரெய்டர்ஸ் விளையாட்டோடு வந்த சிஎக்ஸ்-21 டச் பேடும் இதே இணைப்புதான். ஒன்றின் இடத்தில் மற்றது வேலை செய்யும். சிஎக்ஸ்-23 கிடைக்காதவர் சிஎக்ஸ்-50 வாங்கிக்கொள்ளலாம். பட்டன் சிறிசு என்பதைத் தவிர குறையில்லை.

இனிப் பலகைக்குள் நடப்பது. இந்த விளையாட்டுகளின் தொல்லைகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

9 முனை இணைப்பியில் 1 முதல் 4 வரை நான்கு வரிசைகள். 5, 9, 6 ஆகியவை மூன்று நெடுவரிசைகள். 7-இல் 5 வோல்ட். நிரல் ஒரு வரிசையை மட்டும் 0 வோல்ட்டுக்கு இறக்கிவிட்டு, மூன்று நெடுவரிசைகளையும் படிக்கும். எந்த நெடுவரிசை 0 என்று வருகிறதோ அங்கே பட்டன் அமுங்கியிருக்கிறது. பிறகு அடுத்த வரிசை. 12 பட்டனை 7 கம்பியில் படிக்கும் பழைய உத்தி.

சிக்கல், நெடுவரிசைகளில் இரண்டு ஜாய்ஸ்டிக்குக்கான உள்ளீடுகளே அல்ல என்பது. 5, 9 இரண்டும் துடுப்புக் கண்ட்ரோலர் என்ற இன்னொரு வகைக் கருவியின் குமிழ் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று அளக்க வைத்த வழிகள். அளப்பதற்காகக் கன்சோலுக்குள் அவற்றில் 0.068 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. பலகைக்குள் அந்த இரண்டு கம்பிகளையும் 5 வோல்ட்டோடு இணைக்கும் 4.7 கிலோஓம் மின்தடைகள் இருக்கின்றன. இரண்டையும் பெருக்கினால் சுமார் 320 மைக்ரோவிநாடி. பட்டனால் 0-க்கு இறங்கிய கம்பி மறுபடி மேலே ஏற அவ்வளவு நேரம் பிடிக்கும். அதனால்தான் வரிசையை மாற்றிய பின் 400 மைக்ரோவிநாடி காத்திருந்து படி என்று 2600-இன் நிரலாளர் கையேடு சொல்கிறது.

காத்திருக்காவிட்டால் என்ன ஆகும்? குழந்தை மேல்வரிசையின் முதல் பட்டனை அழுத்தியிருக்கிறது. நிரல் முதல் வரிசையைப் படித்துவிட்டு உடனே இரண்டாவதைப் படிக்கிறது. கம்பி இன்னும் மேலே ஏறி முடிக்கவில்லை. 0 என்றே தெரிகிறது. 1-ஐ அழுத்தினால் 4-உம் அமுங்கியதாகக் கணக்கு. மூன்றாவது நெடுவரிசையில் மட்டும் இந்தப் பேய்ப் பட்டன் வராது. அது ஜாய்ஸ்டிக்கின் சிவப்பு பட்டனுக்கான வழி, அங்கே அந்த மின்தேக்கி இல்லை. புதிதாக எழுதிய நிரலில் இடப்பக்க இரண்டு நெடுவரிசைகளில் மட்டும் கோளாறு என்றால் காத்திருப்பு போதவில்லை என்று அர்த்தம்.

400 மைக்ரோவிநாடி சின்ன எண்தான். ஆனால் 2600-இன் மையச் செயலியான 6507 சில்லு ஓடுவது 1.19 மெகாஹெர்ட்ஸில். 400 மைக்ரோவிநாடியில் ஏறத்தாழ 477 சுழற்சிகள் போய்விடும். திரையின் ஒரு கிடைக்கோட்டுக்கு 76 சுழற்சி. ஆக ஒரு வரிசையைப் படிக்க ஆறு கோடுகளுக்கு மேல் நேரம். நான்கு வரிசைக்கும் சேர்த்து 25 கோடு. திரையில் படம் வராத மேல்பகுதி 37 கோடு. விளையாட்டின் மற்றக் கணக்குகளும் அதற்குள்தான் முடிய வேண்டும். வழக்கமான தீர்வு: ஒரு பிரேமுக்கு, அதாவது திரையில் ஒருமுறை முழுப் படம் வரைவதற்கு, ஒரு வரிசை. இந்தப் பிரேமின் முடிவில் வரிசையை மாற்றிவிட்டுப் படம் வரையப் போய்விடலாம். அடுத்த பிரேமில் வந்து படிக்கும்போது காத்திருப்பு தானாகவே கழிந்திருக்கும். முழுப் பலகையையும் சுற்றிவர நான்கு பிரேம்; விநாடிக்கு 60 பிரேம் என்பதால் 60-இல் 4, அதாவது 67 மில்லிவிநாடி. விண்கலத்தைச் சுடும் விளையாட்டில் இந்தத் தாமதம் கையில் தெரியும். எழுத்தைத் தேடித் தயங்கித் தயங்கி அழுத்தும் குழந்தைக்குத் தெரியாது.

நிரல் எழுதுகிறவர்கள் இடறும் இன்னோர் இடம்: திரையை அணைக்கும் பதிவேட்டின் 7-ஆவது பிட். அது 1 என்றால் துடுப்பு வழிகள் நான்கையும் கன்சோலே தரையோடு இணைத்துவிடும். துடுப்பு விளையாட்டுக்கு எழுதிய பழைய நிரல் துண்டை அப்படியே எடுத்து ஒட்டினால், இரண்டு நெடுவரிசையும் எந்நேரமும் அமுங்கியே கிடக்கும். பலகையைக் கழற்றுவதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும்.

எட்டுப் புள்ளிக்குள் எழுத்து

ஆல்ஃபா பீம் எழுத்து விளையாட்டு என்பதால் படச்சில்லின் குணம் இங்கே நேராகக் கற்பித்தலுக்குள் வந்து நிற்கிறது. அந்தச் சில்லிடம் நகரும் உருவங்கள் இரண்டுதான். ஒவ்வொன்றும் 8 புள்ளி அகலம், ஒரு கோட்டில் ஒரே நிறம். எழுத்துக்கு எட்டு வரி என்று வைத்தால் 26 எழுத்துக்கு 208 பைட். இயந்திரத்தின் மொத்த நினைவகமே 128 பைட் என்பதால் எழுத்துகள் கார்ட்ரிட்ஜிலேயே இருந்தாக வேண்டும். செசமி கார்ட்ரிட்ஜ்கள் 8 கிலோபைட். 6507 சில்லால் ஒரு நேரத்தில் பார்க்க முடிவதோ 4. எனவே இரு பாதியாக மாற்றி மாற்றிக் காட்டுவார்கள்.

ஓர் உருவத்தை ஒரே கோட்டில் மூன்று முறை வரையச் சொல்லலாம். மூன்றும் ஒன்றின் நகலே. வேறு வேறு எழுத்துகள் பக்கத்தில் பக்கத்தில் வேண்டுமென்றால் கோடு ஓடும்போதே வடிவத்தை மாற்ற வேண்டும், அல்லது ஒரு பிரேமில் ஒன்று, அடுத்ததில் மற்றொன்று என்று மினுக்க வேண்டும். வேறொரு விளையாட்டில் துரத்தும் பேய் மினுங்கினால் ஆட்டம் நின்றுவிடாது. எழுத்து மினுங்கினால், அதன் வளைவையும் நேர்க்கோட்டையும் கூர்ந்து பார்த்துப் பழக வேண்டிய குழந்தைக்கு அதுவே தடங்கல். வெவ்வேறு உயரத்தில் மிதக்கும் எழுத்துகளுக்கு இந்தத் தொல்லை குறைவு; விண்வெளி என்ற களம் கதைக்கும் பொருந்தும், சில்லுக்கும் சுளுவு.

ஓர் இடைக்குறிப்பு. உருவத்தை இடவலமாகத் திருப்பிப் போட இந்தச் சில்லில் ஒரே ஒரு பிட்டை மாற்றினால் போதும். ஆங்கிலச் சின்ன எழுத்து ‘பி’ (b) அந்த ஒரு பிட்டில் ‘டி’ (d) ஆகிவிடும். வடிவம் ஒன்றுதானே, திருப்பி வைத்தால் என்ன என்று அதே இரண்டு எழுத்திலும் குழம்பும் குழந்தை, இயந்திரத்தின் தர்க்கத்தைத்தான் பேசுகிறது.

குரல் இல்லாத எர்னி

என் கணிப்பில் பெரிய இழப்பு ஒலிதான். தொடரில் எழுத்து திரையில் வரும்போதே யாரோ அதன் பெயரைச் சொல்வார்கள், பாடுவார்கள், அதில் தொடங்கும் சொல்லை அடுக்குவார்கள். 2600-க்கு இரண்டு ஒலி வழிகள். ஒவ்வொன்றிலும் சுருதிக்கு 32 படி, அவற்றிலும் பல ஸ்வரத்தானத்தில் நிற்காது. பேச்சுக்கு இடமே இல்லை. குரோவர்ஸ் மியூசிக் மேக்கர் என்று பட்டனை அழுத்தி இசை எழுப்பும் கார்ட்ரிட்ஜ் ஒன்றும் செய்தார்கள். அது முன்மாதிரியோடு நின்றது, கடைக்கு வரவில்லை.

அதனால் ஆல்ஃபா பீமில் குழந்தை செய்வது வடிவத்தை வடிவத்தோடு பொருத்துவது. எழுத்தின் பெயர் தெரியாமல், ஒலி தெரியாமல், முழு ராக்கெட்டையும் ஏற்றி அனுப்பிவிடலாம். எழுத்தறிவுக்கு முன்னோடியாக இது நல்ல பயிற்சி. எழுத்தறிவு என்று பெயர் சூட்ட முடியாது. பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்து ஒவ்வொரு கலன் ஏறும்போதும் எழுத்தின் பெயரைச் சொன்னால்தான் வடிவமும் ஒலியும் சேரும். செசமி ஸ்ட்ரீட் பெரியவர்களுக்கான நகைச்சுவையைத் தூவி அவர்களையும் திரை முன் உட்காரவைத்தது. எட்டுப் புள்ளி எர்னியால் அப்பாவைச் சிரிக்கவைக்க முடியாது.

தொடருக்கு இல்லாத ஒன்று விளையாட்டுக்கு இருந்தது: குழந்தை செய்ததற்கு அந்தக் கணமே பதில். தொலைக்காட்சியில் பாத்திரம் கேள்வி கேட்டுவிட்டு இடைவெளி விடும். குழந்தை சொன்னது சரியா தப்பா என்று அதற்குத் தெரியாது. இங்கே பிழையான இடத்தில் கலன் ஏறாது, அவ்வளவுதான்.

சந்தை

விற்பனையில் இவை எடுபடாததற்குக் காரணம் தேடி அலைய வேண்டாம். 1983-இல்தான் அமெரிக்க வீடியோ விளையாட்டுச் சந்தை சரிந்தது. அந்த ஆண்டு அட்டாரியின் நட்டம் 53 கோடி டாலருக்கும் மேல். 1984 ஜூலையில் அதன் உரிமையாளரான வார்னர் நிறுவனம் அட்டாரியின் வீட்டுக் கணினி, விளையாட்டுப் பிரிவை கமடோர் நிறுவனத்தைத் தொடங்கிய ஜாக் டிரமியலிடம் கொடுத்துவிட்டது. இதற்கிடையில் கார்ட்ரிட்ஜோடு தனியாக ஒரு கண்ட்ரோலரும் வாங்கச் சொன்னால், அதுவும் ஜாய்ஸ்டிக் விளையாட்டு எதற்கும் உதவாத ஒன்றை, எத்தனை பெற்றோர் வாங்குவார்கள்? கைக்குப் பொருந்திய கருவியே பணப்பைக்குப் பொருந்தவில்லை. செசமி பாத்திரங்கள் 1984-லேயே சிபிஎஸ் சாஃப்ட்வேர் வழியாக ஆஸ்ட்ரோ குரோவர், எர்னிஸ் மேஜிக் ஷேப்ஸ் போன்றவற்றில் கமடோர் 64 வீட்டுக் கணினி பக்கம் போய்விட்டார்கள்.

இன்று ஓட்ட

அசல் கன்சோலில் என்றால், முதலில் பலகையை மல்டிமீட்டரில் பாருங்கள். எதையும் அழுத்தாமல் 7-க்கும் 5-க்கும் இடையே, பிறகு 7-க்கும் 9-க்கும் இடையே 4.7 கிலோஓம் அளவில் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கம்பி அறுந்திருக்கிறது. பெரும்பாலும் கேபிள் பெட்டிக்குள் நுழையும் இடத்தில். அடுத்து ஒவ்வொரு பட்டனாக அழுத்தி, அதன் வரிசைக் கம்பிக்கும் நெடுவரிசைக் கம்பிக்கும் இடையே மின்தடை கிட்டத்தட்ட 0-க்கு விழுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பட்டன் மட்டும் சில நூறு ஓம், சில ஆயிரம் ஓம் என்று காட்டினால் தொடர்புப் பரப்பில் அழுக்கு; ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சு போதும். உப்புத்தாள் வேண்டாம், தேய்த்தால் பரப்பே போய்விடும்.

மலிவான நீட்டிப்புக் கேபிள் ஒரு கண்ணி. ஜாய்ஸ்டிக்குக்கு 1 முதல் 4, 6, 8 போதும் என்பதால் பலவற்றில் 5, 7, 9-க்குக் கம்பியே போட்டிருக்க மாட்டார்கள். ஏற்ற யாருமில்லாத மின்தேக்கி 0-விலேயே கிடக்கும். நிரலின் கண்ணுக்கு முதல் இரண்டு நெடுவரிசையும் அமுங்கியே இருக்கும். செசமி கார்ட்ரிட்ஜைப் போட்டு ஜாய்ஸ்டிக்கைச் செருகினாலும் இதே கதை; கூடுதலாக, சிவப்பு பட்டனை அழுத்தினால் மூன்றாவது நெடுவரிசை முழுதும் அமுங்கும். கார்ட்ரிட்ஜ் கெட்டுவிட்டது என்று தூக்கிப்போட்டவர்களில் சிலராவது ஜாய்ஸ்டிக்கோடுதான் பார்த்திருப்பார்கள்.

கணினியில் என்றால், 2600 போலவே நடந்துகொள்ளும் ஸ்டெல்லா எமுலேட்டர் மென்பொருள் போதும். விளையாட்டை அடையாளம் கண்டு பட்டன் பலகையைத் தானே பொருத்திக்கொள்ளும். பொருத்தாவிட்டால் விளையாட்டுப் பண்புகளில் இடப்பக்கக் கண்ட்ரோலரை விசைப்பலகை என்று மாற்றுங்கள். இடப்பக்கப் பலகையின் 12 பட்டனும் கணினி விசைப்பலகையின் இடது ஓரத்தில் 1, 2, 3 விசைகளுக்கும் அவற்றுக்கு நேர்கீழே உள்ள மூன்று மூன்று எழுத்து விசைகளுக்கும் வந்துவிடும். அந்த 12 விசை குழந்தை விரலுக்கு நெருக்கம். பெரிய விசைகள் கொண்ட தனி எண்பலகை ஒன்றை யூஎஸ்பியில் செருகி, எமுலேட்டரின் உள்ளீட்டு அமைப்பில் ஒவ்வொரு பட்டனையும் அதற்கு மாற்றிக்கொண்டால் சிஎக்ஸ்-23-இன் வாட்டம் ஓரளவு கிடைக்கும். மேலே வைக்க ஒரு அட்டை வெட்டி, அந்த ஆட்டத்துக்கு வேண்டிய பட்டன்களுக்கு மட்டும் துளை போட்டு அம்புக்குறி வரைந்துவிடுங்கள். எக் கேட்ச் என்றால் இரண்டு அம்பு போதும்.